முள்ளிவிளையின் ஒரே தப்பு

விருது வாங்கிய மேடையில் சபேசன் சொன்ன ஒரு வாக்கியத்தை மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் கட்டம் கட்டிப் போட்டன. 'மனிதன் என்பவன் தப்பு செய்பவன்.' இதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் அவருக்கு மூன்று வருடமும் ஒரு குளிர்சாதன அறையும் கொடுத்திருந்தது. அவர் மனைவியைக் கேட்டிருந்தால் கல்யாணமான மறுநாளே இலவசமாகச் சொல்லியிருப்பாள்.

முதலில் 'ஒருவாசல்' பற்றிச் சொல்லிவிட வேண்டும். ரேஷனுக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம், பஸ்ஸுக்கு ஒரு பக்கம் என்று அலைந்துகொண்டிருந்த ஜனங்களின் சிரமத்தைப் போக்க, அத்தனையையும் ஒரே இணையதளத்தில் போட்டு ஒரே கடவுச்சொல்லால் பூட்டியது அரசாங்கம். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது திருடனுக்கும் சௌகரியம் என்பது திறப்பு விழா முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கைரேகையையும் முகத்தையும் நகலெடுப்பது பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகிவிட்ட காலம் அது. கடவுச்சொல் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

முன்பெல்லாம் ஐந்து முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திருட்டு இயந்திரங்கள் அதையும் படித்துக்கொண்டன. ஒருவருடைய பிறந்த நாள், மகள் பெயர், குலதெய்வம், பழைய வண்டி நம்பர் எல்லாவற்றையும் சலித்தெடுத்து, முதல் முயற்சியிலேயே சரியான சொல்லைப் போட்டு உள்ளே போயின. ஐந்து தப்பு செய்து வெளியே நின்றவர்கள் எல்லோரும் கணக்கின் சொந்தக்காரர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் சபேசனுக்குப் பொறி தட்டியது.

"சரியா அடிக்கிறவன்தான் மேடம் திருடன்," என்றார் துறைச் செயலர் மெர்லின் சுகந்தியிடம்.

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ கடவுச்சொல் எதுக்கு?"

"அது கடைசியில வேணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தப்பாவது வரணும், அதுவும் அந்த ஆளோட சொந்தத் தப்பா இருக்கணும். ஒருத்தர் பழைய கடவுச்சொல்லை முதல்ல போடுவார். ஒருத்தர் பெரிய எழுத்தை மறப்பார். ஒருத்தர் பாதியில நிறுத்தி மூக்கைச் சொறிவார். மூணு வருஷம் கொடுங்க, தமிழ்நாட்டுல ஒவ்வொருத்தரும் எப்படித் தப்பு பண்றாங்கன்னு கத்துக்கிற ஒரு காவலை வாசல்ல உக்கார வைக்கிறேன். சரியான விடையை இயந்திரம் ஊகிக்கும். நம்ம ஆளுங்க தப்பை ஊகிக்கவே முடியாது."

செயலருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தில் முழு நம்பிக்கை வந்தது. காவலுக்கு நந்தி என்று பெயர் வைத்தார்கள். வாசலில் குறுக்கே நிற்பது அதன் தொழில் என்பதால் பெயரைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

திருடன் எப்படித் தட்டுவான் என்று நந்திக்குக் காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது. தப்பே இல்லாமல், ஒரே வேகத்தில், யோசிக்காமல் தட்டுகிற ஒரு கை. அலுவலகம் முழுக்கத் தேடியதில் அப்படிப்பட்ட கை சபேசனுடையது மட்டுமே. பத்தாயிரம் முறை உட்கார்ந்து தட்டிக் கொடுத்தார். 'மாதிரித் திருடன்: சபேசன்' என்று தன் பெயரையும் பதிந்து வைத்தார். தன் கையெழுத்து அழகை யாராவது புகழ்ந்தால் வருமே, அந்தச் சந்தோஷம்தான் அவருக்கு.

நந்தி வந்த பிறகு நாட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் ஏற்பட்டன. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர் ஒருவர் நாற்பது வருடப் பழக்கத்தில் ஒரு எழுத்தும் பிசகாமல் அடித்து, ரேஷன் அரிசியிலிருந்து வாக்குரிமை வரை அனைத்தையும் இழந்தார். அவர் அனுப்பிய புகார் மனுவிலும் ஒரு பிழை இல்லை என்பதால் அது சந்தேகத்துக்குரிய கோப்புகளில் சேர்க்கப்பட்டது. சென்னையில் 'தப்பு டியூஷன்' தொடங்கினார்கள். நாற்பத்தைந்து நாளில் சொந்தத் தப்பு, தேறாவிட்டால் மறுபடி இலவச வகுப்பு. முக்கியமான பத்துத் தப்புகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். எல்லோரும் ஒரே பத்துத் தப்பைச் செய்யத் தொடங்கியதும் திருட்டு இயந்திரங்கள் அந்த நோட்ஸை வாங்கிப் படித்தன.

அதனால்தான் செயலர் ஒரு புது உத்தரவு போட்டார். ஒரே தப்பு பல கணக்குகளில் ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்று நந்தி இனிமேல் ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். சபேசன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைச் சேர்த்தார். பதினொரு மணிக்கு நந்தி தன் சரித்திரத்தின் மிகப் பெரிய தாக்குதலைப் பிடித்தது.

தூத்துக்குடிப் பக்கம் முள்ளிவிளை என்று ஒரு உப்பளத்து ஊர். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். அத்தனையிலும் ஒரே கணினியிலிருந்து ஒரே கை நுழைந்திருக்கிறது. 2,904 கணக்குகளில் முதலில் 'u' என்ற ஒற்றை எழுத்து. 1,106 கணக்குகளில் ஒரு கூட்டல் குறி. 302 கணக்குகளில் '786'.

"இதுக்குப் பேரு தூவல் தாக்குதல் மேடம்," என்று சபேசன் விளக்கினார். "ஒரு வீட்டுக்கு நூறு சாவி போட்டா பூட்டு முழிச்சிக்கும். அதனால ஒரே சாவியை எடுத்துக்கிட்டு ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுலயும் போட்டுப் பாக்குறது."

"எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாதுன்னு விதி இருக்கிறப்போ ஒரே எழுத்தை எதுக்குப் போடறான்?"

"அங்கதான் மேடம் அவன் புத்திசாலித்தனம்."

அந்த மூன்று சாவிகளைப் பற்றி எட்டுப் பேர் கொண்ட குழு இருபது பக்க அறிக்கை தயாரித்தது. u என்பது யுரேனியத்தின் குறி என்றும், கூட்டல் செஞ்சிலுவையைக் குறிக்கலாம் என்றும், 786-ஐ மூன்றால் வகுத்தால் வருகிற எண் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொலைபேசிக் குறியீடாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். குழுவில் இருந்த எட்டுப் பேர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளிலும் இந்த மூன்றில் ஒன்று உச்சியில் அச்சாகியிருந்தது. ஆனால் படித்தவர்கள் வீட்டு விஷயங்களைச் செருப்போடு அலுவலக வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

நந்தி முள்ளிவிளையை மொத்தமாக இழுத்து மூடிவிட்டது. வெள்ளிக்கிழமை சபேசன் கிளம்பினார். போலீஸ் பின்னால் வரும், முதலில் நீங்கள் போய் ஆளை அடையாளம் பாருங்கள் என்று செயலர் சொல்லியிருந்தார். இரண்டாவது விருது ஏறக்குறைய அச்சாகிக்கொண்டிருந்தது.

*

மாவட்ட அலுவலகம் கொடுத்த கார் அவரை முள்ளிவிளையில் இறக்கியபோது மணி இரண்டு. வெள்ளை வெயில், அதற்குப் போட்டியாக வெள்ளை உப்புக் குவியல். நந்தி சொன்ன விலாசத்தில் ஒரு பெரிய சதிக் கூடாரத்தை எதிர்பார்த்திருந்தார். ஓர் இளநீர் வண்டிக்கும் சைக்கிள் பஞ்சர் கடைக்கும் நடுவில் 'ஜெபக்கனி கம்ப்யூட்டர் சென்டர்' இருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஒருவாசல், பாஸ்போர்ட் போட்டோ.

உள்ளே முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, எழுத்து தேய்ந்த விசைப்பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள்தான் ஜெபக்கனி.

"உக்காருங்க சார். புதுக் கணக்கா, பழைய கணக்கா? எதுவா இருந்தாலும் இன்னைக்கு ஓடாது. செவ்வாக்கெழமையிலேருந்து ஊரே பூட்டிக் கெடக்கு. மெட்ராசுல எந்த மடையன் என்னத்தைப் போட்டுக் கெடுத்தானோ தெரியல."

மடையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த ஊர்ல கணினி வேற யார்கிட்ட இருக்கு?"

"போன் எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா அதுல ஒருவாசல் பாக்க எழுத்து பொடிசா இருக்கும் சார். எங்க ஆளுக கண்ணு உப்புல வெயில் பட்டுப் பட்டு மங்கிப்போச்சு. கையும் தேஞ்சுபோச்சு, ரேக கெடையாது. அதனால எல்லாம் என்கிட்டதான் வருவாவ."

"எல்லாம்னா எத்தனை பேர்?"

"எல்லாம்னா எல்லாம்தான். நாலாயிரத்துச் சொச்சம்."

"அவங்க கடவுச்சொல்?"

ஜெபக்கனி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். எழுதி வைப்பது ஆபத்து என்று அரசாங்க விளம்பரம் சொன்னதால் அவள் எதையும் எழுதி வைக்கவில்லை.

விருதுக்காகத் தயாரித்திருந்த இரண்டாவது வாக்கியம் சபேசனுக்குள் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டார். "நீங்க கடவுச்சொல் போடறதுக்கு முன்னாடி u-ன்னு ஒண்ணு அடிக்கிறீங்களே. ஏன்?"

"நீங்க எப்படி சார் பாத்தீங்க?" அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஒரு காரியத்தைத் தொடங்கும்போது உச்சியில உ போடாம எங்க ஊர்ல யாரும் எழுதமாட்டாவ சார். மொத மொத இந்தச் சென்டர் தொறந்தப்ப ஒரு பெரியவர் வந்து, மொதல்ல பிள்ளையார் சுழி போடு, பெறவு என் பேரை எழுதுன்னாரு. அந்தக் கட்டத்துல u தான் போட முடிஞ்சுது. தப்புன்னு செவப்பாக் காட்டிச்சு. காட்டினாக் காட்டிட்டுப் போவுது, சுழி போட்டாச்சுல்லா. பெறவு சரியானத அடிச்சேன், தொறந்துது. எங்க வேதக்கார ஆளுகளுக்குச் சிலுவ போடுவேன். பாய் வீட்டாளுகளுக்கு எழுநூத்தி எம்பத்தாறு. யாருக்கும் மாத்திப் போட்டதில்ல சார்."

நந்தி ஒவ்வொரு கணக்கிலும் மூன்று வருடம் கவனித்துக் கற்றுக்கொண்டது எதை என்று சபேசனுக்கு இப்போது விளங்கியது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மனிதர்களின் தனித்தன்மை என்று அது பொத்திப் பாதுகாத்தது, இந்தப் பெண்ணின் பக்தியை. அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், நிலைப்படியைக் கையால் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள். அளத்தில் உப்பு வாருகிறவள். பெயர் முத்துப்பேச்சி.

"கனி, இருக்கியா தாயி? ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துது. கண்ணு வந்துட்டாம்."

ஜெபக்கனி எழுந்து அவளைக் கைபிடித்து உட்கார வைத்தாள். "எப்பக்கா?"

"இப்பத்தான். யாரோ புண்ணியவதி குடுத்துட்டுப் போயிருக்கா. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒருவாசல்ல சம்மதம்னு அமுக்கணுமாம். இல்லன்னா வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிருமாம்." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணின் கருவிழி பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது. "ரெண்டரை வருசம் காத்துக் கெடந்தாச்சு. டாக்டரு, இது இன்னும் ஒரு வருசம் தாங்காதுன்னுட்டாரு. நீ அமுக்கு, நான் இருக்கேன்."

ஜெபக்கனி சபேசனைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவன் u-வைப் பற்றி விசாரித்ததை அவள் அதற்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள்.

"சார், நீங்கதான் அந்த மெட்ராஸ் ஆளா?"

"ஆமா," என்றார் சபேசன்.

*

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். தான் யார் என்று சொன்னார். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாலும் நாங்க ஏத்துக்க முடியாது சார். நந்தி திறந்தாத்தான் ஆள் உண்மைன்னு நீங்கதானே போன மாசம் எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க."

அடுத்தது செயலர். அவர் பொறுமையாகக் கேட்டார். "தப்பு நம்ம பக்கம்னு சொன்னா குழு போடணும் சபேசன். மூணு மாசம் ஆகும். விருது குடுத்த அமைச்சர் வேற இருக்கார். நீங்க தலைமைச் சாவி வெச்சிருக்கீங்களே, அதைப் போட்டு அந்த ஒரு கணக்கை மட்டும் திறங்க. வெளிய தெரியவேண்டாம்."

தலைமைச் சாவி இருந்தது. அதைப் பயன்படுத்த அவர் தன் கணக்கில் புதிதாக நுழைய வேண்டும். ஜெபக்கனியின் கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினார். முதல் முறையிலேயே சரியாக, ஒரே வேகத்தில். 'அந்நியர்' என்றது நந்தி.

விஷயம் வெளியே சொல்லும்படியானது இல்லை. சபேசன் ஒருநாளும் தன் கணக்கில் தானே நுழைந்ததில்லை. உதவியாளர் தனசேகர்தான் காலையில் வந்ததும் நுழைந்து, காப்பி வைத்துவிட்டுப் போவான். நந்திக்குத் தெரிந்த சபேசன், தனசேகரின் கைதான். செயலருக்கும் அவனே. அந்த மாடியில் பதினேழு அதிகாரிகளுக்கும் அவனே. தனசேகர் இப்போது செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தான்.

"உங்களுக்கும் ஒரு கனி உண்டு போல," என்றாள் ஜெபக்கனி. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"தம்பி, மணி என்னாச்சு?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"மூணே முக்கால்."

"சரி, சரி. நெறைய நேரம் கெடக்கு."

சபேசன் தலையைப் பிடித்துக்கொண்டார். நந்தியின் விதிகள் எல்லாம் அவர் எழுதியவை. மூடிய கணக்கைத் திறக்க இரண்டு வழிதான் வைத்திருந்தார். ஒன்று, சொந்தக்காரர் இருபத்தொரு நாள் தினமும் வந்து புதிதாகத் தப்பு செய்து பழக வேண்டும். இன்னொன்று பதினாலாவது விதி. தாக்கியவரே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவர் தொட்ட கணக்குகள் எல்லாம் அக்கணமே திறக்கும், அவர் கணக்கு நிரந்தரமாக மூடும், வழக்கு முடியும், அந்த இடத்தை நந்தி மறுபடி சந்தேகிக்காது. உலகத்தில் எந்தத் திருடனும் அப்படி வரப்போவதில்லை என்ற தைரியத்தில், அறிக்கைக்கு ஒரு மனிதாபிமானக் களை இருக்கட்டும் என்று சேர்த்த விதி அது.

அதை வாய்விட்டுச் சொன்னது அவர் செய்த பிசகு. சொல்லி முடிப்பதற்குள் ஜெபக்கனி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க எழுதணும்? பக்கத்தைக் காட்டுங்க."

"உங்களுக்குப் புரியுதா? கணக்கு போயிடும். சென்டரை மூடிடுவாங்க. போலீஸ் வரும்."

"நான்தான சார் போட்டேன் u. வேற யாரு போட்டா?"

"கனி, வேண்டாம் தாயி," என்று முத்துப்பேச்சி எழுந்தாள். "எனக்கு ஒரு கண்ணு வருதுன்னு உன் சோத்துல மண்ணைப் போடவா? நான் அடுத்த வாட்டி பாத்துக்கிடுதேன்."

"அடுத்த வாட்டி நீ எதை வச்சுக்கா பாப்ப?"

முத்துப்பேச்சி உட்கார்ந்துவிட்டாள். சபேசன் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். முந்நூறு எழுத்துக்குக் குறையாமல் ஒப்புதல் தட்ட வேண்டும். மேலே போட்ட பெயரை நந்தி நம்பாது, தட்டுகிற கையைப் பார்த்துத்தான் ஆளை அறியும்.

ஜெபக்கனி உச்சியில் ஒரு சிலுவை போட்டாள், அழித்தாள், எழுதத் தொடங்கினாள். 'முள்ளிவிளை ஜெபக்கனி ஆகிய நான்' என்று ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள். முடித்து அனுப்பியதும் நந்தி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் இப்படி வந்தது.

'ஒப்புக்கொள்பவர்கள்: முள்ளிவிளை மக்கள், 4,312 பேர். அனைவர் கணக்கையும் நிரந்தரமாக மூடச் சம்மதமா?'

அவள் சூடு பட்ட மாதிரி கையை எடுத்தாள். சபேசன் பாய்ந்து 'இல்லை' என்பதை அமுக்கினார். ஆறு வருடமாக ஊருக்கே தட்டிய அந்தப் பெண் தன் சொந்தக் கணக்கில் நுழைய நேரம் ஒதுக்கியதில்லை. ஜெபக்கனி என்று ஒருத்தி இருப்பதாக நந்திக்குத் தகவலே இல்லை.

மணி நாலு இருபது.

"நான் சொல்லுதேன், நீங்க அடிங்க சார்," என்றாள் அவள். "என் கைதான ஊர் கையா இருக்கு. உங்க கையில அடிச்சா என் பேருல ஏத்துக்கிடும்லா?"

அவர் விரல்களை விசைகளின் மேல் வைத்தார். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. பத்தாயிரம் முறை தட்டிக் கொடுத்த கை. பெயரும் போட்டுப் பதிந்து வைத்த கை. நந்தி கையைத்தான் பார்க்கும் என்றால், இந்தக் கையைப் பார்த்து அது என்ன சொல்லும் என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வெளியே சொல்லாமல் எழுந்து போய்விடலாம். கார் வாசலில்தான் நின்றது. செயலர் கேட்டால், முயற்சி செய்தேன், முடியவில்லை என்று சொன்னால் போதும். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. கருவிழி அடுத்த ஆளுக்குப் போகும், அடுத்த ஆளும் பார்வை இல்லாதவர்தானே என்று மனசாட்சியைத் தட்டிக் கொடுக்கலாம். இத்தனை நியாயங்களும் எவ்வளவு வேகமாக, பிழையே இல்லாமல் வந்து விழுகின்றன என்று பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. நாலைந்து எழுத்தை வேண்டுமென்றே மாற்றித் தட்டினால் நந்தி அவரை அடையாளம் காணாது என்றும் தோன்றியது. தட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பழகாத வேலை, விரல் போகவில்லை.

"நேரம் ஆவுதா தம்பி?" என்றாள் முத்துப்பேச்சி.

சபேசன் தட்டினார். ஜெபக்கனி சொல்லச் சொல்ல, முந்நூற்று நாற்பது எழுத்தும் மழை மாதிரி ஒரே சீராக விழுந்தன. அனுப்பினார். நந்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று வருடமாக அது தேடிக்கொண்டிருந்த ஆள்.

'தாக்கியவர் அடையாளம் காணப்பட்டார்: சபேசன். உறுதி செய்கிறீர்களா?'

ஜெபக்கனி திரையைப் படித்தாள், அவரைப் பார்த்தாள். "சார், உங்க பேருல்லா வருது."

"தெரியும்," என்று சொல்லி 'ஆம்' என்பதை அமுக்கினார்.

முள்ளிவிளை திறந்தது. ஜெபக்கனி அவரை நாற்காலியிலிருந்து ஏறக்குறையத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். u போட்டாள். 'தவறான கடவுச்சொல்' என்று சிவப்பாக வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து சபேசன் விசைப்பலகையைப் பிடுங்கப் போனார், அவளோ சாவகாசமாகச் சரியானதைத் தட்டினாள். 'வணக்கம், முத்துப்பேச்சி' என்றது நந்தி. சம்மதத்தை அமுக்கும்போது மணி நாலு ஐம்பத்திரண்டு.

"அமுக்கியாச்சா?"

"அமுக்கியாச்சுக்கா."

முத்துப்பேச்சி அழுதாள். அந்தக் கண்ணில் அழுவதற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

*

சபேசன் வெளியே வந்தபோது கார் கதவு திறக்கவில்லை. அது அவர் கணக்கோடு கட்டப்பட்டது, கணக்கு இப்போது இல்லை. பஸ் ஏறவும் முடியாது. சட்டைப் பையில் இருந்த போன் மட்டும் கடைசியாக ஒரு முறை அடித்தது.

"எனக்குத் தெரியும் சபேசன், நீங்க அப்படிப்பட்டவர் இல்ல," என்றார் செயலர் உண்மையான வருத்தத்தோடு. "ஆனா நந்தி தப்பே பண்ணாதுன்னு சட்டசபையில சொல்லியிருக்கோம். இப்போ அது ஒரு தப்பு பண்ணிச்சுன்னு சொன்னா, மத்த எல்லாத்தையும் கேப்பாங்க. குழு போட்டிருக்கேன். போலீஸை அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன், ஊரைவிட்டு நீங்களும் எங்க போகப் போறீங்க. உங்களைப் பிடிச்சதுக்கு நந்திக்குத் தேசிய விருது வரும் போல இருக்கு."

அவர் இளநீர் வண்டிக்காரரின் தயவில் சாப்பிட்டார், ஜெபக்கனியின் அண்ணன் வீட்டு மாடியில் தங்கினார். பகலில் சென்டரில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்தார். அதில் முதல் வாரம் நிறையத் தப்பு செய்தார். ஆதார் அட்டையின் பின்பக்கத்தை மட்டும் நாற்பது நகல் எடுத்து ஒரு வயதானவரிடம் நிஜமாகவே வசவு வாங்கினார்.

இருபது நாள் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, கண்ணாடி வேறு. நிலைப்படியைத் தடவாமல் உள்ளே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தத் தம்பியா? குரலை வச்சு இன்னும் கொஞ்சம் நல்லா இருப்பியன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். சபேசன் மேடையில் வாங்கிய பரிசில் இவ்வளவு கனம் இருந்ததில்லை.

அன்றைக்குத்தான் ஜெபக்கனி ஒரு படிவத்தைக் கண்டுபிடித்துத் திரையில் வைத்திருந்தாள்.

"இது பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்குத் தொறக்கிற பாரம் சார். பேரு, ஊரு, யாரு சாட்சின்னு மட்டும்தான் கேக்குது. வயசு கேக்கல."

"பிறந்த பிள்ளைக்கு வயசு எதுக்குன்னு நான்தான் விட்டேன்," என்றார் சபேசன்.

பெயர் போட்டாள். ஊர் முள்ளிவிளை. சாட்சி முத்துப்பேச்சி. கடவுச்சொல்லை அவர் காதோடு சொன்னார், அவள் நெற்றியில் குறித்துக்கொண்டாள். புதிதாகப் பிறந்தவர்களை நந்தி சந்தேகப்படுவதில்லை, முதல் நாளில் செய்யும் தப்பையே அவர்களுடைய சொந்தத் தப்பாக எடுத்துக்கொள்ளும். அவள் விரல் உள்நுழைவுக் கட்டத்துக்கு மேலே நின்றது.

"உங்களுக்கு என்ன சார் போட? உ-வா, சிலுவையா, எழுநூத்தி எம்பத்தாறா?"

சபேசன் பகுத்தறிவுக்காரர். இருபது வருடமாக எந்தத் தாளின் உச்சியிலும் எதுவும் போட்டதில்லை. அம்மா மளிகைப் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் என்ன இருக்கும் என்று ஞாபகம் வந்தது.

"உ போடுங்க," என்றார்.

போட்டாள். 'தவறான கடவுச்சொல். மீண்டும் முயலவும்' என்று சிவப்பாக வந்தது. தன் பெயருக்குக் கீழே அந்த வரியை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். ஜெபக்கனி சரியானதைத் தட்டினாள். நந்தி அவரை நிதானமாகப் பார்த்தது, தெரிந்த கைதான் என்று கண்டுகொண்டது, வழியை விட்டு நகர்ந்தது.

'வணக்கம், சபேசன். முள்ளிவிளை, 4,313.'